பிஎஸ்என்ஆரா, எஸ்எஸ்ஐஎம்மா? கேமரா படத்தை அளப்பதில் கண்ணுக்கு நெருக்கமானது எது

8 பிட் படத்தின் (பிக்சல் மதிப்பு 0 முதல் 255 வரை) ஒவ்வொரு பிக்சலின் மதிப்பிலும் 10 கூட்டுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் சராசரி வர்க்கப் பிழை (பிக்சல் வித்தியாசங்களின் வர்க்கங்களுடைய சராசரி) 100, அதிலிருந்து கணக்கிடும் பிஎஸ்என்ஆர் (உச்ச சமிக்ஞை-இரைச்சல் விகிதம், கூடினால் நல்லது) 28.1 டெசிபல். கண்ணுக்குப் படம் சற்றே வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். அதே 100 பிழை வரும்வரை படத்தை மங்கலாக்கினாலும் அதே 28.1தான் கிடைக்கும். ஆனால் இதில் இமைமுடியும் துணியின் நெசவும் கரைந்துபோயிருக்கும். பிழை எங்கே விழுந்தது என்று பிஎஸ்என்ஆர் கேட்பதே இல்லை.

2004இல் வெளியான எஸ்எஸ்ஐஎம் (அமைப்பு ஒற்றுமைக் குறியீடு, இரண்டு படமும் ஒன்றேயானால் 1) 11×11 பிக்சல் சாளரத்தை நகர்த்தி, ஒளிர்வு, மாறுபாடு, அமைப்பு மூன்றையும் தனித்தனியே ஒப்பிடுகிறது. வெளிச்சம் கூடிய படத்துக்கு 1ஐ ஒட்டிய மதிப்பும், மங்கிய படத்துக்குத் தெளிவாகக் குறைந்த மதிப்பும் தரும். கண்ணின் தீர்ப்பும் அதுவே.

இதிலும் ஓட்டை உண்டு. பெரும்பாலும் வண்ணத்தை விட்டு ஒளிர்வுத் தளத்தில் மட்டும் கணக்கிடுவதால் நிழலில் தெரியும் வண்ண இரைச்சல் (புள்ளி புள்ளியான பிசிறு) தப்பிவிடும். பெரிய படத்தை அப்படியே கொடுத்தால், பார்க்கும் தூரத்தில் கண்ணுக்கே தெரியாத நுணுக்கத்துக்கும் மதிப்பெண் குறையும். சிறிய பக்கம் 256 பிக்சல் அளவுக்கு வரும்படி சுருக்கிவிட்டு அளப்பது வழக்கம்.

இரண்டுக்குமே ஒப்பிட ஒரு சுத்தமான மூலப்படம் வேண்டும். அதற்குக் கேமராவை முக்காலியில் வைத்து ஒரே காட்சியை 16 படம் எடுத்துச் சராசரி காணுங்கள், இரைச்சல் கால்பங்காகும். ஒரு பிக்சல் நகர்ந்தாலும் இரண்டு எண்களும் சரியும், முதலில் படங்களைப் பொருத்துங்கள்.

இரைச்சல் நீக்கும் அமைப்பைத் தேர்வுசெய்ய நான் எஸ்எஸ்ஐஎம்மைத்தான் நம்புவேன். சென்சார் இரைச்சலை மட்டும் அளக்க பிஎஸ்என்ஆர் போதும்.