செவிலியர் பொம்மையா, வெண்கலச் சிலையா, மேப்பிள் தோப்பா?

கொரோனா காலத்தில் ஊரே கதவடைத்திருந்தபோது வேலைக்குப் போய்வந்தவர்களுக்குப் பொது இடத்தில் கலையால் நன்றி சொல்ல 2020, 2021 ஆண்டுகளில் நடந்த மூன்று முயற்சிகளை இங்கே ஒப்பிட விரும்புகிறேன். அழகைவிட, யாரைக் காட்டினார்கள், யாரைக் கேட்டார்கள், உழைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பவையே என் அளவுகோல்கள்.

இவற்றுள் எளிதில் தள்ளிவிடக்கூடியது நியூயார்க்கின் திட்டம். ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2021 ஜூனில் அறிவித்த அந்த நினைவிடத்தில், 19 வகைப் பணியாளர்களைக் குறிக்க 19 மேப்பிள் மரங்களும் நடுவே அணையா விளக்கும் அமையவிருந்தன. மருத்துவரோடு நிற்காமல் எல்லாத் துறைகளையும் எண்ணிப் பார்த்த வகையில் பட்டியல் பரந்த மனம் கொண்டதுதான். ஆனால் அதற்குத் தேர்ந்த இடமோ, பேட்டரி பார்க் சிட்டி என்ற குடியிருப்புப் பகுதி மக்கள் பிள்ளைகளோடு வந்து அமரும் புல்வெளி. அவர்களைக் கலந்து பேசாமல் சில நாள்களிலேயே இயந்திரங்கள் வந்து இறங்கின. மக்கள் மறித்து நின்றார்கள். அந்த இடத்தில் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. நன்றி சொல்வதற்கு இத்தனை அவசரம் ஏன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தன்னை வெளிக்காட்டாமல் தெருச் சுவர்களில் வரையும் பிரிட்டிஷ் ஓவியர் பேங்க்ஸியின் ஓவியம் இதற்கு நேர்மாறு. 2020 மே மாதம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பொது மருத்துவமனையில் அது ஆரவாரமின்றி மாட்டப்பட்டது. தரையில் அமர்ந்திருக்கும் சிறுவன், முகக்கவசமும் தோளில் பறக்கும் துணியுமாக இருக்கும் செவிலியர் பொம்மையை உயர்த்திப் பிடித்து விளையாடுகிறான். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் பக்கத்துக் கூடையில் கிடக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் செவிலியரின் உடையிலுள்ள செஞ்சிலுவைக்கு மட்டுமே நிறம் உண்டு. பார்த்தவுடன் பாராட்டாகத் தோன்றினாலும், அந்தக் கூடையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், நேற்றைய நாயகர்கள் போன இடத்துக்கே நாளை இவளும் போவாள் என்ற எண்ணம் எழாமல் இராது. பிரிட்டனில் முதல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ஓராண்டு நிறைந்த 2021 மார்ச் 23 அன்று, கிறிஸ்டீஸ் ஏலத்தில் இது கட்டணங்கள் உட்பட ஏறத்தாழ 1.67 கோடி பவுண்டுக்கு விலைபோனது. தொகை அந்த மருத்துவமனையின் ஊழியர், நோயாளிகள் நலனுக்கும் பிற சுகாதார அறப்பணிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. மருத்துவமனைக்கு நகல் கிடைத்தது. அதே மார்ச் மாதத்தில்தான் இங்கிலாந்துச் செவிலியருக்கு 1 சதவீத ஊதிய உயர்வு போதும் என்று அரசு பரிந்துரைத்திருந்தது. எதிர்ப்புக்குப் பிறகே அது 3 சதவீதமாயிற்று. முந்தைய ஆண்டு பத்து வியாழக்கிழமைகள் இந்தப் பணியாளர்களுக்காக மக்கள் வாசலில் நின்று கைதட்டிய நாட்டில் ஓர் ஓவியம் இத்தனை பணம் ஈட்டித் தந்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் படத்தில் இருப்பவர் செவிலியர் ஒருவர் மட்டுமே. பேருந்து ஓட்டியவருக்கும் கடையில் பொருள் அடுக்கியவருக்கும் அதில் இடமில்லை.

அந்தக் குறை இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரிலுள்ள வெண்கலச் சிற்பத்தில் பெரிதும் நீங்கியிருக்கிறது. உள்ளூர்ச் சிற்பி கிரஹாம் இபெஸன் வடித்து 2021 நவம்பரில் திறக்கப்பட்ட இது தனி உருவமன்று. செவிலியரோடு பிற பணியாளர்களும் சேர்ந்து நிற்கும் குழு. அதே ஊர்க் கவிஞர் இயன் மக்மில்லனின் வரிகளும் உடன் உள்ளன. லாட்வியத் தலைநகர் ரிகாவில், தேசியக் கலை அருங்காட்சியகத்தின் முன் 2020இல் வைக்கப்பட்ட 6 மீட்டர் உயர மருத்துவப் பணியாளர் சிலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். ரிகாச் சிலையில் ஒரே ஆள் எல்லாரையும்விட உயர்ந்து நிற்கிறார். அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். பார்ன்ஸ்லியில் கடைத்தெருவுக்கு வந்தவர், போகிற போக்கில் தம்மைப் போன்ற ஒருவரை அதில் தேடலாம்.

தமிழில் இவர்களை ‘முன்களப் பணியாளர்’ என்கிறோம். போர்க்களத்திலிருந்து வந்த சொல். அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான சிலை ரிகாவில் வைக்கப்பட்டதுதான். ஆனால் நகரமொன்று என்னிடம் கேட்டால் பார்ன்ஸ்லியின் வழியையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வெண்கலத்துக்குச் செலவிட முடிவெடுக்கும் அதே கூட்டத்தில் அந்த ஊழியர்களின் சம்பளக் கோரிக்கையையும் எடுத்துப் பேச வேண்டும்.