ரவுட்டர் மினி யுபிஎஸ்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வாங்கலாமா?

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் பயண நேரமும் பெட்ரோல் காசும் மிச்சம். ஆனால் அலுவலகத்தின் ஜெனரேட்டர் நம்மோடு வீட்டுக்கு வருவதில்லை. சென்னையில் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை வழக்கமாகக் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணிக்கு முடியும். வெளி மாவட்டங்களில் பல ஊர்களில் மாலை வரை நீளும். எல்லாமே வேலை நேரம். லேப்டாப்பிலும் செல்போனிலும் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போன நொடியே நின்றுவிடுவது வைஃபை ரவுட்டர்தான். அதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள். ஓக்டர், கியூசர், ரெசொனேட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. விலை பெரும்பாலும் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள். உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே லித்தியம் செல்கள். ரவுட்டரின் அடாப்டரை இதில் செருகி, இதிலிருந்து வரும் வயரை ரவுட்டரில் செருக வேண்டும். எலக்ட்ரீஷியன் தேவையில்லை.

நல்ல பொருள்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் பயன்படாது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் இணைய இணைப்பு எப்படி வருகிறது என்பதை. வீட்டுக்குள் வரும் கேபிள் மெல்லியதாக, நுனியில் பச்சை அல்லது நீல நிறச் சதுரக் கனெக்டரோடு இருந்தால் ஃபைபர் (ஒளி செல்லும் கண்ணாடி இழை) வீட்டுக்குள்ளேயே வருகிறது என்று அர்த்தம். வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். தெருவே இருட்டானாலும், இணைய கம்பெனியின் மறுமுனையில் பேட்டரி இருக்கும் வரை இணைப்பு உயிரோடு இருக்கும். வருவது சாதாரண லேன் கேபிள் என்றால் ஃபைபர் தெருமுனைவரைதான் வந்திருக்கும். அங்கே கம்பத்திலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அந்தப் பெட்டிக்கு ஆபரேட்டர் பேட்டரி வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் மினி யுபிஎஸ் வாங்குவது வீண் செலவு.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அதே இணைப்பு வைத்திருக்கும், இன்வெர்ட்டர் உள்ள பக்கத்து வீட்டில் அடுத்த மின்தடையின்போது கேட்டுப் பாருங்கள். ஃபைபர் கேபிள் நுழையும் மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. பிஓஎன் விளக்கு பச்சையில் நிலையாக நின்றால் ஃபைபர் நன்றாக இருக்கிறது. அது பச்சையாக இருந்தும் நெட் வரவில்லை என்றால் கோளாறு ஃபைபரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அரைமணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். மறுமுனைப் பேட்டரி பழசாகியிருந்தால் முதல் பத்து நிமிடம் நெட் வந்துவிட்டுப் பிறகு நிற்கும்.

இணைப்பு தேறிவிட்டால் அடுத்தது கணக்கு. பெட்டியின்மேல் ‘4 மணி நேரம் பேக்கப்’ என்று அச்சிட்டிருக்கும். இந்த வகைப் பெட்டி பலவற்றில் 2,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) செல்கள் மூன்று இருக்கும். ஒரு செல் 3.7 வோல்ட் என்றால் மொத்தம் 22.2 வாட் மணி, அதாவது 1 வாட் இழுக்கும் பொருளை 22 மணி நேரம் ஓட்டும் அளவு. மாற்றும்போது ஆகும் சேதாரம் போக 19 வாட் மணி அளவுக்குக் கைக்கு வரும். 5 வாட் இழுக்கும் சின்ன ரவுட்டருக்கு இது நாலு மணி நேரத்தைத் தொடும். ஃபைபர் மோடமும் வைஃபையும் ஒன்றாக இருக்கும் இரட்டை அலைவரிசைப் பெட்டி 8 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரம்தான். 9 மணி முதல் 2 மணி வரை தாக்குப்பிடிக்க 40 வாட் மணி வேண்டும். சேதாரத்தையும் சேர்த்தால் 47 அளவுக்கு வரும். அதற்கு அவ்வளவு வாட் மணி உள்ள பெரிய மாடல் தேவை. விளம்பரத்தில் எம்ஏஎச் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 3.7 வோல்ட்டில் 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் மணிதான். வாட் மணி எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

ரவுட்டர் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அடாப்டரின் மேலுள்ள எண்ணை வைத்து முடிவுசெய்ய முடியாது. 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றால் 18 வாட், ஆனால் அது உச்ச வரம்பு மட்டுமே. மின்னளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கில் செருகி ஒரு மணி நேரம் விட்டால் உண்மை தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் பின். பெரும்பாலான ரவுட்டர்களில் 5.5 மி.மீ. வெளி விட்டமும் 2.1 மி.மீ. உள் விட்டமும் கொண்ட பின் இருக்கும். சிலவற்றில் உள் விட்டம் 2.5. அந்த 2.5 செருகி 2.1 சாக்கெட்டிலும் ஏறிவிடும், ஆனால் தளர்வாக நிற்கும். மேஜை ஆடினால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். மக்கள் யுபிஎஸ்ஸைக் குறை சொல்வார்கள். இன்னொன்று இதைவிட முக்கியம்: உங்கள் ரவுட்டர் 9 வோல்ட்டா, 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று அடியிலுள்ள ஸ்டிக்கரில் படித்துவிடுங்கள். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை கருகக்கூடும். மோடம் தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் ஒய் வடிவ வயர் வாங்கி இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் ஓட்டலாம். இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், மொத்த ஆம்பியர் யுபிஎஸ்ஸின் வரம்புக்குள் இருக்க வேண்டும். ரவுட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டு மோடத்தை விட்டுவிட்டால் வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டும், நெட் மட்டும் வராது.

மலிவான மாடல்களில் பேட்டரி இறங்க இறங்க வெளியே வரும் மின்னழுத்தமும் இறங்கும். 11 வோல்ட்டுக்குக் கீழே போனதும் சில ரவுட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கும், பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருக்கும்போதே. நல்ல மாடல் கடைசிவரை 12 வோல்ட்டைப் பிடித்துவைக்கும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வாங்கிய அன்றே பார்த்துவிட்டு, 12 வோல்ட் நிற்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜ் மெதுவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் பழைய அடாப்டர்தான் காரணம். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில் ரவுட்டரே 0.7 எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது 0.3. முழுதாக ஏற ஆறேழு மணி நேரம் ஆகும். தினமும் இரண்டு முறை கரண்ட் போகும் ஊரில் அது நிரம்பவே நிரம்பாது. யுபிஎஸ்ஸின் உள்ளீட்டு வரம்பு அனுமதித்தால் 2 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள்.

‘எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே இருக்கிறது, இது எதற்கு’ என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ், எக்கோ என்று இரண்டு நிலை இருக்கும். எக்கோவில் மாறும் நேரம் அதிகம். மின்விசிறிக்கு அது தெரியாது, ரவுட்டர் அணைந்து எழும். எழுந்து, ஃபைபர் பதிவாகி, ஆபீஸ் விபிஎன் திரும்ப இணைய நாலைந்து நிமிடம் போய்விடும். வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருக்கும்போது அது நீண்ட நேரம். யுபிஎஸ் நிலையில் வைத்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அங்கே மின்னழுத்தம் 180 வோல்ட் அளவுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி வடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை எக்கோவிலேயே விட்டு, ரவுட்டருக்கு மட்டும் மூன்று செல் மினி யுபிஎஸ் மாட்டுவதுதான் சரியான ஏற்பாடு. ஒரு நொடிக்கும் குறைவான அந்த இடைவெளியைத் தாண்ட அது தாராளம்.

கம்ப்யூட்டருக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ்ஸை ரவுட்டருக்கு வைப்பதைப் பரிந்துரைக்க முடியாது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரி கணக்கில் 84 வாட் மணிதான். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்குவதிலேயே பெரும்பங்கு வீணாகும். கரண்ட் இல்லாத நேரம் முழுக்க பீப் பீப் என்று கத்துவதும் மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்கும்.

டெஸ்க்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கும், மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாதவர்களுக்கும் மினி யுபிஎஸ் மட்டும் போதாது. 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் போட்டால், ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு, லேப்டாப், ரவுட்டர் சேர்த்து 170 வாட்டுக்கு ஆறு மணி நேரம் அளவுக்கு ஓடும். குறைந்த மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கூடும். செலவு இருபதாயிரத்தைத் தாண்டும். டிஸ்டில்டு வாட்டர் பார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இந்தச் செலவில் ஒரு பங்கையாவது கம்பெனி தர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அலுவலக ஜெனரேட்டருக்கான டீசலை ஊழியர் யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

மினி யுபிஎஸ்ஸின் உண்மையான குறை அதன் ஆயுள். எந்நேரமும் முழு சார்ஜில், நம் ஊர் வெயிலில் நிற்கும் லித்தியம் செல் இரண்டு வருடத்தில் கணிசமாகத் தளர்ந்துவிடும். ரவுட்டரின் மேல் வைப்பதும், மூடிய டிவி அலமாரிக்குள் வைப்பதும் அந்த ஆயுளையும் குறைக்கும். காற்றுப் படும்படி சுவரில் மாட்டுங்கள். வாரண்டி செல்லுக்கும் உண்டா, பலகைக்கு மட்டுமா என்று பில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்துவையுங்கள். முதல் மாதத்தில் ஓடியதில் பாதியாகக் குறைந்துவிட்டால் அடுத்ததை வாங்கும் நேரம் வந்துவிட்டது. பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். நசுங்கினால் லித்தியம் செல் தீப்பிடிக்கக்கூடும்.