ஒரு 16×2 எல்சிடி, இரண்டு மீட்டர்: ஐ2சி போர்டு ஒட்டிய டிஸ்ப்ளே எப்படி?

நான் செய்த பிரீக்வென்சி கவுன்ட்டரையும் கெபாசிட்டன்ஸ் மீட்டரையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே டிஸ்ப்ளேயை இரண்டுக்கும் பொதுவாக்க வேண்டும் என்பதற்காகவே பின்னால் ஐ2சி போர்டு (இரண்டே ஒயரில் டேட்டா வாங்கும் போர்டு) ஒட்டிய இந்த 16×2 எல்சிடியை, அதாவது வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் திரையை வாங்கினேன். இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமான சாமான். ஆனால் அப்படியே ஒட்டி வைத்தால் ஓடாது.

இதற்கு முன்னால் சாதாரண எல்சிடியை வைத்துத்தான் முயன்றேன். ஒரு எழுத்தை இரண்டு பாதியாக அனுப்பி ஒயரை மிச்சப்படுத்தும் 4 பிட் முறையில்கூட டேட்டாவுக்கு 4, ஆர்எஸ், இ என்ற கட்டுப்பாட்டு ஒயர் 2 என்று 6 ஒயர் வரும். இரண்டு மீட்டரின் ஒயர்களையும் நேராகச் சேர்த்துவிட்டு, தேவையான மீட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. அணைந்திருக்கும் மைக்ரோகன்ட்ரோலரின் பின்களில் உள்ள பாதுகாப்பு டையோடுகள் வழியாகக் கரண்ட் உள்ளே போய் அந்தச் சிப்பும் அரைகுறையாக விழித்துக்கொள்கிறது, திரையில் கண்ட கண்ட எழுத்துகள் வருகின்றன. இந்த மாடலின் போர்டில், ஐ2சியில் வருவதை எல்சிடியின் பின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிசிஎஃப்8574 சிப் இருப்பதால் மாற்றிவிட வேண்டியது எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்ற இரண்டே ஒயர். ஒரு சின்ன சுவிட்ச் போதும்.

சரி, சுவிட்சை மாற்றியதும் என்ன ஆகிறது? எல்சிடிக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. ஒரு எழுத்து இரண்டு பாதியாகத்தான் போகிறது, முதல் பாதி போனதும் சுவிட்ச் மாறினால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் பாதி தள்ளிப் படிக்கப்பட்டு குப்பையாகிறது. அதனால் 3 போல் சுவிட்ச், அதாவது மூன்று ஒயரை ஒரே நேரத்தில் மாற்றும் சுவிட்ச் வாங்குங்கள். இரண்டு போல் எஸ்டிஏ, எஸ்சிஎல்லுக்கு. மூன்றாவது போல், டிஸ்ப்ளே கிடைத்த மீட்டரின் ஒரு பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும். அதைப் பார்த்ததும் அந்த மீட்டர் டிஸ்ப்ளேயை முதலிலிருந்து தொடங்க வேண்டும்: ஹெக்ஸில் (16 அடிப்படை எண் முறையில்) 3 என்பதை மூன்று முறை, முதல் தடவைக்குப் பின் 4.1 மில்லி விநாடிக்குக் குறையாமல் காத்திருந்து, அப்புறம் 2. டிஸ்ப்ளே எந்த நிலையில் சிக்கியிருந்தாலும் இது மீட்டுவிடும். எல்சிடிக்கென்று கிடைக்கும் தயார் புரோகிராமான லைப்ரரியில் இருக்கும் தொடக்க ஃபங்ஷனைத் திரும்பக் கூப்பிட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்தது.

இன்னொன்று. ஐ2சி லைன்களைச் சும்மா இருக்கும்போது சப்ளை வோல்ட்டேஜில் பிடித்து வைக்கும் புல் அப் ரெசிஸ்டர்கள் டிஸ்ப்ளேயின் பக்கம்தான் இருக்கின்றன, ஆகவே கழற்றப்பட்ட மீட்டரின் லைன்கள் அந்தரத்தில் தொங்கும், சில லைப்ரரிகள் அங்கேயே உறைந்துவிடும். ஒவ்வொரு மீட்டரிலும் தனியாக 10 கே ரெசிஸ்டர் இரண்டு போட்டேன், அதன்பின் தொல்லை இல்லை. போர்டின் புல் அப் 5 வோல்ட்டுக்குப் போகிறது, 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் இணைக்க வேண்டாம். டிஸ்ப்ளேயைக் கூப்பிடும் ஐ2சி முகவரியும் சிப்பைப் பொறுத்தது: வழக்கமாக ஹெக்ஸில் 27, பிசிஎஃப்8574ஏ என்ற ஏ வகைச் சிப் என்றால் 3எஃப்.

எனக்குப் பிடிக்காதவை இரண்டு. பேக்லைட் கரண்ட் பொதுக் கிரவுண்டு வழியாகத் திரும்பும்போது கெபாசிட்டன்ஸ் மீட்டரின் கடைசி இலக்கம் ஆடியது. டிஸ்ப்ளேயின் கிரவுண்டைச் சப்ளை வரும் இடத்திற்கே தனி ஒயராக இழுத்த பிறகுதான் நின்றது. அடுத்தது வேகம். திரை முழுவதையும் எழுதப் பல பத்து மில்லி விநாடி ஆகிறது, அதனால் கவுன்ட்டர் எண்ணிக்கொண்டிருக்கும்போது எழுதாமல், எண்ணி முடித்த பிறகு எழுதும்படி புரோகிராமை மாற்றினேன்.

எழுத்தின் அழுத்தத்தைச் சரிசெய்யும் காண்ட்ராஸ்ட் ட்ரிம்மர் பின்னால் இருக்கிறது, பெட்டியை மூடும் முன் திருகிவிடுங்கள். எனக்கு வந்ததில் மைக்ரோ, ஓம் இரண்டு குறிகளும் எழுத்துப் பட்டியலிலேயே, ஹெக்ஸில் இ4, எஃப்4 என்று இருக்கின்றன, வரைய வேண்டியதில்லை. எந்த மீட்டர் பேசுகிறது என்று தெரிய வலது ஓரத்தில் ஒரு எழுத்தை ஒதுக்கினேன், அதற்குப் பிறகும் 15 இடம் மிச்சம் இருக்கிறது, 10.000000 மெகாஹெர்ட்ஸ் என்பது தாராளமாக அடங்குகிறது.