ஃபுல் சர்வீஸ் என்று பில்; லோயரைக் கழற்றவே இல்லை: ஃபோர்க் கொடுக்கும் முன் படியுங்கள்

மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க்கை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். லோயர் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் குழாய்கள்), ஏர் ஸ்பிரிங் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்று அறை), டேம்பர் (ஆயிலால் அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மூன்றையும் பிரித்துச் செய்ததாக பில் போட்டு, எதையுமே ஒழுங்காகப் பிரிக்காமல் என் ஃபோர்க்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. லோயருக்குள் ஏறி இறங்கும் மேல் குழாயான ஸ்டான்ஷனில் விழுந்த கீறல் போகாது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்த விதம்தான் முக்கியம், அதை யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் செய்யலாம்.

ஃபோர்க் சில நாளாகவே இறுகிப்போயிருந்தது. சின்னச் சின்னக் கற்கள் எல்லாம் நேராகக் கைக்கு வந்தன. ஓட்டிய நேரத்தைப் பார்த்தால் சர்வீஸ் காலமும் வந்துவிட்டது. லோயர் சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது ஃபோர்க் தயாரிப்பாளரான ராக்‌ஷாக்ஸ். இன்னொரு தயாரிப்பாளரான ஃபாக்ஸ், 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு சர்வீஸ் என்கிறது. டேம்பரைப் பிரித்துக் காற்று நீக்க என்னிடம் கருவி கிடையாது. அதனால் கடையில் கொடுத்தேன். வைப்பர் சீல் (லோயரின் வாயில் தூசியைத் தடுக்கும் ரப்பர்), ஃபோம் ரிங், ஓ-ரிங், க்ரஷ் வாஷர், டேம்பர் ஆயில் எல்லாம் புதிது என்று பில்லில் வரிவரியாக எழுதியிருந்தது.

வாங்கும்போது அந்த மெக்கானிக், “அமுக்கிப் பாருங்க சார், வெண்ணெய் மாதிரி போகும்” என்றார். அப்படித்தான் போனது. ஏமாற்றுவதற்கு மிக வசதியான இடம் இதுதான். கடையில் நின்றபடி கையால் அமுக்கும்போது நமக்குத் தெரிவது சீலின் உராய்வு மட்டுமே. வைப்பர் சீலின் உதட்டைத் தூக்கி உள்ளே கிரீஸைத் திணித்துவிட்டால் போதும், எந்தப் பழைய ஃபோர்க்கும் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டு போகும். டேம்பர் வேலை செய்கிறதா, புஷிங்குக்கு (ஸ்டான்ஷன் உரசி நகரும் உள்வளையம்) ஆயில் போகிறதா, ஏர் அறைகள் சமமாகின்றனவா என்பதையெல்லாம் இரண்டு அமுக்கில் கண்டுபிடிக்க முடியாது.

பாதையில் இறங்கியதும் வேஷம் கலைந்தது. வேகமாக அமுங்கும்போது வலது காலிலிருந்து சளக் சளக்கென்று சத்தம். டேம்பர் ஆயிலுக்குள் காற்று கலந்திருப்பதன் அடையாளம் அது. ரீபவுண்ட் திருகியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினாலும் ஃபோர்க் எழும் வேகத்தில் பெரிதாக மாற்றமில்லை. முழுப் பயணத்தின், அதாவது ஃபோர்க் அமுங்கும் தூரத்தின், கடைசிப் பகுதி வரவே இல்லை, எவ்வளவு பெரிய இறக்கமானாலும் ஓரிடத்தில் முட்டி நின்றது. அடியில், லோயரைப் பிடித்திருக்கும் ஃபுட் போல்ட்டைச் சுற்றி ஈரம்.

திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு முன், கேமராவை ஓடவிட்டு நானே லோயரைக் கழற்றினேன். காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, ஃபுட் போல்ட்டுகளைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் லோயர் விடுபடும். பெரிய வித்தை எதுவும் இல்லை. உள்ளே இருந்ததைப் பார்த்தபோது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது.

ஃபோம் ரிங் இரண்டும் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தன. அவை வைப்பருக்குக் கீழே ஆயிலில் ஊறி உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவிலும் ஸ்டான்ஷனை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டியவை. புதிது போடும்போது ஆயிலில் ஊறவைத்துத்தான் போடுவார்கள். இவை எத்தனையோ காலமாக அதே இடத்தில் இருந்தவை. வைப்பர் சீலும் பழையதுதான், மேல்பக்கம் மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். அதன் உதட்டுக்குள் கெட்டியான வெள்ளைக் கிரீஸ். சஸ்பென்ஷனுக்கென்று வரும் மெல்லிய கிரீஸ் அது இல்லை. தூசியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டான்ஷனில் தேய்க்கிற பசையாக ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது.

கால்களுக்குள் புது ஆயில் கொஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் புஷிங்கில் பழைய கறுப்புச் சேறு அப்படியே ஒட்டியிருந்தது. லோயரைக் கழற்றித் துடைத்திருந்தால் அது இருக்க வழியே இல்லை. ஃபுட் போல்ட்டை மட்டும் தளர்த்தி, அந்தத் துளை வழியாக சிரிஞ்சில் ஆயிலை ஏற்றி மூடியிருக்கிறார்கள். முறையான சர்வீஸிலும் கடைசியில் அதே துளை வழியாகத்தான் ஆயில் ஏற்றுவார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இவர்கள் விட்டுவிட்டார்கள். க்ரஷ் வாஷரையும் மாற்றவில்லை. ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்யப்பட்ட வாஷர் அது. நசுங்கியதையே மறுபடி போட்டால் கசியத்தான் செய்யும். என் ஃபோர்க்கில் அந்த போல்ட்டுகளை 7.3 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டும். ஒன்று விரலாலேயே அசைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது.

ஏர் பக்கம் இன்னும் மோசம். ஸ்டான்ஷனின் மேல் மூடியான டாப் கேப்பின் அறுகோண முனைகள் மழுங்கிப் போயிருந்தன. சாதாரண சாக்கெட்டின் வாய் உள்பக்கம் சரிந்திருக்கும். டாப் கேப்போ உயரம் குறைந்த மெல்லிய அலுமினியம், அதனால் முனையைக் கவ்வாமல் வழுக்கும். இந்த வேலைக்கு வாயைத் தட்டையாகச் சாணை பிடித்த சாக்கெட் வேண்டும், ஃபோர்க் வேலை செய்கிற எந்த மெக்கானிக்கிடமும் அது இருக்கும். இவர்கள் மழுங்கடித்துத் திறந்து, மேலேயிருந்தே கிரீஸைக் கொட்டி மூடிவிட்டார்கள். கீழே பூட்டு வளையமான சர்க்ளிப்பைக் கழற்றவில்லை, பிஸ்டனை வெளியே எடுக்கவில்லை, ஓ-ரிங் மாற்றவில்லை.

கொட்டிய கிரீஸ் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ஸ்பிரிங்கில் பிஸ்டனுக்கு மேலே பாசிட்டிவ் அறை, கீழே நெகட்டிவ் அறை. குழாயின் உள்சுவரில் ஒரு சிறு குழிவு இருக்கும். பிஸ்டன் அதைக் கடக்கும்போது காற்று அந்த வழியாகப் போய் இரண்டு அறையின் அழுத்தமும் சமமாகும். அந்தக் குழிவைக் கிரீஸ் அடைத்தால் நெகட்டிவ் அறைக்குக் காற்று சரியாகப் போகாது, ஃபோர்க் தொடக்கத்திலேயே முறைத்துக்கொண்டு நிற்கும். மேல் அறையில் கிரீஸ் குவிந்தால் காற்றுக்கான இடம் குறைந்து, பயணத்தின் கடைசிப் பகுதி கல்லாகிவிடும். நான் பாதையில் பார்த்தது இரண்டையும்தான்.

கீறலுக்கு வருகிறேன். வைப்பரின் உதட்டைத் தூக்க ஸ்க்ரூடிரைவரை விட்டிருக்கிறார்கள், அது வழுக்கி இடது ஸ்டான்ஷனில் நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கோடு போட்டுவிட்டது. அந்த இடம் ஒவ்வொரு அமுக்கத்திலும் சீலைக் கடந்து போகிற இடம். ஸ்டான்ஷனை மட்டும் தனியாக மாற்ற முடியாது. க்ரவுன் (ஸ்டான்ஷன்களை மேலே இணைக்கும் பாகம்), ஸ்டியரர் (ஹேண்டில்பாருக்குப் போகும் குழாய்), இரண்டு ஸ்டான்ஷன் எல்லாம் அழுத்திப் பொருத்திய ஒரே உறுப்பு. ஃபோர்க்கிலேயே விலை கூடிய பகுதி அதுதான். ஒரு சீலைக் கழற்றச் சோம்பல்பட்டு அதைக் கெடுத்துவிட்டார்கள்.

வீடியோவைக் காட்டியபோது முதலில், “நீங்களே பிரிச்சிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல” என்றார்கள். காய்ந்த ஃபோம் ரிங்கை பில்லுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தேன். பிறகு உதிரிபாகத்துக்கும் டேம்பர் வேலைக்கும் வாங்கிய பணத்தைத் தந்தார்கள். கீறலை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கொடுப்பதற்கு முன் ஸ்டான்ஷனைப் படம் எடுத்து வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது, நீங்கள் எடுத்து வையுங்கள். இரண்டு ஸ்டான்ஷனையும் சுற்றிச் சுற்றி, நல்ல வெளிச்சத்தில், டாப் கேப்பும் தெரிகிற மாதிரி. ஃபுட் போல்ட்டின் தலையிலிருந்து லோயர் மீது வரை பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்றும் இழுத்துவிடுங்கள். போல்ட் திரும்பியதா என்பதை அது காட்டிவிடும். ஆனால் என் விஷயத்தில் போல்ட் திரும்பத்தான் செய்தது, அதனால் கோடு மட்டும் போதாது. கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு டேம்பரைச் செய்துகொடுத்த வேறொரு மெக்கானிக், நான் கேட்காமலேயே பழைய சீல்களை ஒரு பையில் போட்டுத் தந்தார். டேம்பரிலிருந்து வடித்த ஆயிலையும் காட்டினார், நுரைத்து அழுக்கேறியிருந்தது. எந்தக் காலில் எத்தனை மில்லி ஊற்றினார் என்று எழுதிக்கொடுத்தார். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் 5 மில்லிதான், சிலவற்றின் ஒரு காலுக்கு 40 மில்லி வரை போகும். ‘எவ்வளவு ஊற்றுவீர்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். தெரிந்தவர் மாடலின் கையேட்டைப் பார்த்துச் சொல்வார். ‘தேவையான அளவு’ என்று மட்டும் பதில் வந்தால் ஃபோர்க்கை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

அண்மையில் சர்வீஸிலிருந்து ஃபோர்க் வந்திருந்தால், அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் அடியைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இரவு முழுக்க சைக்கிளை அதன் மேல் நிறுத்தி வையுங்கள். முக்கியமாக இடது கால். டிஸ்க் பிரேக் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே கசிகிற ஆயில் பிரேக் தட்டான ரோட்டருக்கும் அதைக் கவ்வும் பேடுக்கும் போய்விட்டால் முன் பிரேக் பிடிக்காது. தாளில் ஒரு சொட்டு தெரிந்தாலும் சைக்கிளை வெளியே எடுக்காதீர்கள்.