ரிக் ஃபிளாக்கை அறிய ஏற்ற தொகுப்பு: 'டிரையல் பை ஃபயர்'

சிறைக் குற்றவாளிகளை அரசு ஆபத்தான ரகசியப் பணிகளுக்கு அனுப்பும் 'சூசைட் ஸ்குவாட்' காமிக்ஸ் என்றாலே, அந்தக் கைதிகளான டெட்ஷாட்டும் கேப்டன் பூமராங்கும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால், டிசி நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'டிரையல் பை ஃபயர்' என்னும் முதல் தொகுதியைப் படித்து முடித்தபோது என் மனத்தில் தங்கியவர், அந்தக் குற்றவாளிகளைக் களத்துக்கு அழைத்துச் செல்லும் கர்னல் ரிக் ஃபிளாக்தான். 1987 மே மாதம் தொடங்கிய தொடரின் முதல் 8 இதழ்களும், 'சீக்ரெட் ஆரிஜின்ஸ்' 14ஆம் இதழும் இதில் உள்ளன. கதை ஜான் ஆஸ்ட்ரண்டருடையது. ஓவியம் லூக் மெக்டொனல்.

அந்த 14ஆம் இதழுக்காகவே இதை வாங்கலாம். 1959இல் ராபர்ட் கானிகரும் ராஸ் ஆண்ட்ரூவும் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 25ஆம் இதழில் அறிமுகப்படுத்திய ஃபிளாக், ராட்சத உயிரினங்களோடு மோதும் நால்வர் குழுவின் அப்பழுக்கற்ற தலைவர். ஆஸ்ட்ரண்டர் அந்தப் பழைய கதைகளை ஒதுக்கவில்லை; புதிய படையை நடத்தும் அரசு அதிகாரி அமாண்டா வாலர் அமெரிக்க அதிபர் ரீகனிடம் படையின் வரலாற்றை விளக்குவதாக அமைத்து, அவற்றுக்குள் இருந்த துயரத்தை வெளியே எடுத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் இதே பெயருள்ள படையை நடத்தி, பின்னர் உயிர்கொடுத்த தந்தையின் பெயரையே மகனும் சுமக்கிறார்; ஒரு பணியில் நால்வர் குழுவின் எவன்ஸையும் பிரைட்டையும் இழந்து, கரின் கிரேஸுடன் மட்டும் திரும்புகிறார். அதன்பின் அவர் கட்டளைக்குப் பணிவது கடமையுணர்வாலா, குற்றவுணர்வாலா என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் நம்மைத் தொடர்கிறது. எதிர்நாயகனாக அவர் மாறுவது அங்கிருந்துதான்.

குராக் என்னும் கற்பனை நாட்டில் நடக்கும் பணியில் ஒரு காட்சி. தன்னை முன்பு அவமானப்படுத்திய சக உறுப்பினர் மைண்ட்பாக்லரைச் சுடவரும் ஆளைப் பூமராங் பார்த்துவிடுகிறான். பார்த்தும் எச்சரிக்காமல் நிற்கிறான், அவள் சாகிறாள். எதிரியைவிடத் தன் ஆட்களையே அதிகம் கண்காணிக்க வேண்டிய தலைவனின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்னொரு பணியில், சோவியத் காவலில் இருக்கும் எழுத்தாளர் ஸோயா டிரிகோரினை மீட்கப் படை அனுப்பப்படுகிறது; அவரோ மீட்கப்படவே விரும்பவில்லை. 8ஆம் இதழில் சண்டையே பெரிதாக இல்லை. படையின் தளமான பெல் ரீவ் சிறையின் மனநல மருத்துவர்கள் படையினரை ஒவ்வொருவராக மதிப்பிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இதழ் அதுவே.

குறைகளும் உண்டு. புதிய படை உருவான 'லெஜண்ட்ஸ்' தொடரின் பகுதிகளைச் சேர்க்காததால், கைதிகள் தப்ப முயன்றால் வெடிக்கும் கைவளையம் எவ்வளவு கொடியது என்பது புதிய வாசகருக்கு உறைக்காது. குராக்கை வெறும் பயங்கரவாதிகளின் கூடாரமாகக் காட்டியிருப்பது இன்று படிக்கையில் உறுத்துகிறது.

ஃபிளாக்குக்காக வாங்குபவர்கள் இந்த ஒரு தொகுதியோடு நிறுத்த முடியாது. 1989இல் வெளிவந்த 26ஆம் இதழில், அணுகுண்டுடன் குராக்கின் யோதுன்ஹைம் கோட்டைக்குள் அவர் தனியாக நுழையும் கதை நான்காம் தொகுதியில்தான் இருக்கிறது.