புது பெயின்ட்டைப் பார்த்து ஃபைபர் போட் வாங்கிவிடாதீர்கள்

மேலூர், வாடிப்பட்டி பக்கம் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு போட் வாங்கப் போங்கள். எனக்கு 38,000 ரூபாய் போனது. அதைவிட, மீன் அள்ள வேண்டிய நேரத்தில் பன்னிரண்டு நாள் வலை கரையிலேயே கிடந்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

போன மாசியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்தது. அதுவரை லாரி டியூபில் பலகை கட்டித்தான் வலை விட்டோம். கட்லாவும் ரோகுவும் சேர்ந்து ஏறும்போது டியூப் தாங்காது. அதனால் மதுரையில் பழைய போட் வாங்கி விற்கிற ஒருவரிடம் போனேன். கடற்கரைப் பக்கமிருந்து வந்த 12 அடி ஃபைபர் போட் ஒன்றைக் காட்டினார். வெளியே நீலம், உள்ளே வெள்ளை, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை.

"ஒரே வருஷம்தாண்ணே ஓடுச்சு. ஃபைபர் துருப்பிடிக்காது, செலவே வைக்காது" என்றார். பக்கத்தில் அலுமினிய போட் ஒன்று அங்கங்கே நசுங்கிக் கிடந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குட்டியானை வண்டியில் ஏற்றும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு பேர் பிடித்தும் மூச்சு வாங்கியது. "ஃபைபர்னா கனம் இருக்கும்ணே" என்றார். சரி என்று நம்பினேன்.

மூன்றாவது வாரம் ஒரு சீமைக் கருவேலத் தூரில் போட் லேசாக ஏறி இறங்கியது. சாயங்காலத்துக்குள் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கரையில் கவிழ்த்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு நீல பெயின்ட் பெயர்ந்திருந்தது. அதற்குக் கீழே கார் டிங்கரிங் கடையில் பூசுகிற சாம்பல் நிறப் பட்டி. பட்டியைச் சுரண்டினால் உள்ளே ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பழுப்பேறி, ஈரமாக, நகத்தால் இழுத்தாலே தேங்காய் நார் மாதிரி வந்தது.

பாம்பனில் போட் வேலை பார்த்துவிட்டு இப்போது எங்கள் ஊரில் மகள் வீட்டோடு இருக்கிற பெரியவரைக் கூட்டிவந்தேன். அவர் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். பட்டி பூசிய இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு, நனைந்த பலகையைத் தட்டுவது போல 'தொப் தொப்'. "கேக்குதா தம்பி? அடுக்கு விட்டுப்போச்சு" என்றார். வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர் கண்ணாடி இழையோடு ஊர்ந்து அடுக்குகளைப் பிரித்துவிடுமாம். தளத்துக்கு அடியில் மிதப்புக்காக வைத்த நுரையும் ஊறிக் கிடந்தது. அவர் சின்னதாக ஓட்டை போட்டார். மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் தூக்கின கனம் அந்தத் தண்ணீர்தான்.

பட்டி மேடு பள்ளத்தை நிரப்பும், அவ்வளவுதான். கேடான பகுதியை கிரைண்டரால் நல்ல இழை வரும்வரை எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஃபைபர் மேட்டும் ரெசின் என்கிற பிசினும் அடுக்கடுக்காக வைத்து, கடைசியில் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு பூச வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. எங்களுக்கு நாள் போனது அந்தக் காயவைப்பில்தான். பெரியவர் கூலியும் சாமானும் சேர்த்து இன்னும் 9,000.

விற்றவருக்கு போன் போட்டேன். "கடல்ல ஓடுற போட்ட கருவேலந்தூர்ல ஏத்துனா உடையத்தாண்ணே செய்யும்" என்றார். பில் இல்லை. அடுத்த போனை எடுக்கவில்லை.

அந்த நசுங்கிய அலுமினிய போட்டைப் பக்கத்துக் கண்மாய்க்காரர் வாங்கியிருக்கிறார். தூரில் மோதினால் அது நசுங்குகிறது, சட்டென்று வெடிப்பதில்லை. எங்கள் கண்மாய்க்கு அது பெரிய விஷயம். ஆனால் அதிலும் ஏமாற்று இருந்தது. கயிறு கட்டும் வளையத்துக்கு யாரோ இரும்பு போல்ட் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி வெள்ளைப் பொடி. பொடியைத் தட்டினால் சுண்டுவிரல் போகிற ஓட்டை. ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான், அதுவும் உப்புத் தண்ணீரில் வேகமாக. விற்றவர் அங்கே எபாக்சி பசை அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார். சாதாரண வெல்டிங் அதற்கு ஆகாது, ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆளிடம் போக வேண்டியிருந்தது. ரிவிட் வரிசையிலும் லேசாகக் கசிவு. வாங்குவதற்கு முன் போட்டுக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே நனைகிறது என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

என் போட் இப்போது புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. வெயிலில் போட்டால் மேல்பூச்சு சுண்ணாம்பு மாதிரி பொடிந்துவிடும் என்று பெரியவர் நிழலில்தான் வைக்கச் சொன்னார். போன வாரம் மதுரை போனபோது அந்த ஆள் இடத்தைத் தாண்டித்தான் போனேன். வாசலில் இன்னொரு 12 அடி ஃபைபர் போட் நிற்கிறது. அதே நீலம்.