‘கேபின் சைஸ்’ என்று ஒட்டியிருந்த பெட்டி: கிளிநொச்சியில் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்

சென்ற மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் பயணமாகச் சென்னை போய்வந்தேன். பிரான்சில் இருக்கும் அக்காவின் மகளுக்குச் சென்னையில் கலியாணம். ஒரு பெட்டியாலும் ஒரு தராசாலும் 29,450 ரூபா வீணாகப் போனது. காசு போனதை விட, கட்டுநாயக்கவில் அம்மா நின்ற நிலைதான் மனதை விட்டுப் போகவில்லை. வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்கு எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் இந்தியா போகப்போகிறார்கள். அதே பெட்டிகள் இன்னும் அந்தக் கடை வாசலில் அடுக்கியபடி இருக்கின்றன. நேற்றும் பார்த்தேன்.

முதலில் ரிக்கெற் விஷயம். பலாலி எங்களுக்குக் கிட்ட என்றாலும், அந்தக் கிழமைக்குக் கட்டுநாயக்கவிலிருந்து விலை குறைவாக இருந்தது. கையில் கொண்டுபோகும் பை மட்டும் சேர்ந்த ரிக்கெற். ஆளுக்கு 7 கிலோ, அளவு 55 × 35 × 25 சென்ரிமீற்றர், மற்றச் சாமானுக்குத் தனியாகக் காசு. பதிந்து தந்த தம்பி இதை ஒளிக்காமல் சொன்னார், தாளிலும் இருந்தது. அவரில் பிழை இல்லை. நான்கு நாளுக்கு 7 கிலோ தாராளம் என்றுதான் எனக்கும் பட்டது. அம்மாவுக்குத் துணிப்பை ஒன்று வீட்டிலேயே இருந்தது. எனக்குத்தான் ஒன்று வேண்டும்.

கிளிநொச்சி டவுனில் பாக் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். சில்லு வைத்த கடினப் பெட்டி, மேலே பெரிய ஒட்டுத்தாளில் ‘கேபின் சைஸ், 20 இஞ்ச்’ என்று இருந்தது. “அக்கா, எந்தப் பிளேனுக்கும் இதுதான் அளவு. வெளிநாடு போறவை எல்லாரும் இதைத்தான் வாங்கிக்கொண்டு போகினம். பயப்படாமல் எடுங்கோ” என்று அங்கு நின்ற பெடியன் சொன்னார். நான் 55 சென்ரிமீற்றர் என்று சொன்னதும், “20 இஞ்ச் எண்டால் 51 தானே அக்கா, நாலு சென்ரிமீற்றர் மிச்சம் கிடக்கு” என்று கணக்கும் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. அதனால்தான் நம்பினேன். 13,500 ரூபா. கூடவே கொக்கியில் மாட்டி நிறுக்கும் டிஜிற்றல் தராசு ஒன்றையும் 1,750 ரூபாவுக்குத் தந்தார். அதையும் விரும்பித்தான் வாங்கினேன், எயார்போட்டில் போய்த் திண்டாடக் கூடாதே என்று.

இருபது இஞ்ச் என்பது பெட்டியின் கூடு மட்டும். கீழே நான்கு சில்லுகள், மேலே கைபிடி. விமானக் கம்பனிகள் இவற்றையும் சேர்த்துத்தான் அளக்கின்றன. திரும்பி வந்த பிறகு தையல் நாடாவால் அளந்து பார்த்தேன்: உயரம் 58, அகலம் 38, தடிப்பு 26. அந்தச் சுற்றிவரப் போகும் இரண்டாவது சிப்பைத் திறந்தால் தடிப்பு இன்னும் 5 சென்ரிமீற்றர் கூடும். மூன்று பக்கமும் ரிக்கெற்றில் இருந்த அளவை விடக் கூட. இடம் கூடக் கிடைக்கிறது என்று அந்தச் சிப்பைத் திறந்து காட்டித்தான் கடையில் புகழ்ந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ‘கேபின் சைஸ்’ என்று எல்லா விமானத்துக்கும் பொதுவான ஓர் அளவு இல்லவே இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் அளவைத் தானே வைத்திருக்கிறது. பலாலியில் வந்து இறங்கும் ஏ.டி.ஆர். வகைச் சின்ன விமானங்களில் தலைக்கு மேலே இருக்கும் தட்டு இன்னும் சிறியது. ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்காதீர்கள், உங்கள் ரிக்கெற்றில் இருக்கும் அளவைப் பாருங்கள்.

பயணத்துக்கு முதல்நாள் அடுக்கினேன். கலியாணத்துக்குக் காஞ்சிபுரம் ஒன்று, அது மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல். நூல் சீலை இரண்டு, மாற்றுத் துணி, அக்கா ஆசையாகக் கேட்ட ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியல். அம்மாவின் பிறசர் குளிசைகளும் பவர் பாங்கும் என் பெட்டியில்தான். தராசில் மாட்டினேன், 6.8 கிலோ காட்டியது. அளவாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

எங்கள் ஒழுங்கை கிரவல் றோட்டு. ஏ9 வீதிக்கு வர அரைக் கிலோமீற்றர். அந்த நான்கு குட்டிச் சில்லும் கிரவலில் ஓர் அடிகூட உருளவில்லை, தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். இரவு பஸ் வந்தது. பெட்டியை டிக்கிக்குள் வைத்தார்கள். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். விடியக் கட்டுநாயக்கவில் இறங்கிப் பெட்டியை எடுத்தால் ஒரு சில்லு இல்லை. அது இருந்த மூலை வெடித்திருந்தது. பொலிகாபனேற் என்று எழுதி விற்றார்கள். உண்மையான பொலிகாபனேற்றைக் கையால் அழுத்தினால் வளைந்து பழையபடி திரும்பும், இப்படி ஒரு பஸ் பயணத்தில் வெடிக்காது. டிக்கியில் மற்றவர்களின் மூட்டை முடிச்சுகளும் இருந்ததுதான். ஆனால் பயணப் பெட்டி என்று விற்பது பயணம் போகத்தானே?

கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினா. பெட்டியை நிறுத்தா, 8.1 கிலோ. “கூடினதை அம்மான்ர பையில வையுங்கோ அன்ரி, அதில இடமிருக்கு” என்று வழியும் சொன்னா. அம்மாவின் பை 5 கிலோதான், ஆகவே நிறைப் பிரச்சினையைத் தீர்த்திருக்கலாம். அடுத்து, அளவு பார்க்க வைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் பெட்டியை இறக்கச் சொன்னா. சில்லுப் பக்கத்தாலும் போகவில்லை, கைபிடிப் பக்கத்தாலும் போகவில்லை. நிறையைக் குறைக்கலாம், கடினப் பெட்டியின் அளவை எப்படிக் குறைப்பது? துணிப்பை என்றால் அமத்திவிடலாம். விமானத்தின் அடியில் போட 14,200 ரூபா கட்டினேன். பெட்டியின் விலையை விடக் கூட.

அடியில் போவதென்றால் அதற்குள் பவர் பாங்க் இருக்கக் கூடாது. அது பயணியோடு மேலேதான் போகவேண்டும். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆள் இல்லை. அதனால் எல்லாருக்கும் முன்னால் நிலத்தில் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது. பவர் பாங்க், குளிசை, நகை, பாஸ்போட் பிரதிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா. “மகள், என்னத்தை எடுக்கச் சொல்லினம்? என்னையும் கொட்டச் சொல்லுவினமோ?” என்று மெல்லக் கேட்டா. எனக்கு யுத்த காலத்து ஓமந்தைச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கும் அதுதான் வந்திருக்கும், அந்தக் குரல் அப்படி. யுத்தத்தில் இடம்பெயர்ந்து பரந்தனிலிருந்து வெளிக்கிட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போகப் போக, ஒவ்வோர் இடத்திலும் எதை விடுவது, எதைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தவ அவதான். ட்ராக்டர் பெட்டி நிறையப் புறப்பட்ட சாமான் கடைசியில் ஒரு பையாகச் சுருங்கியது. அதற்குள் எங்கள் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, ஒரு சோடி உடுப்பு. குறைவாகக் கட்டிக்கொண்டு போவது எப்படி என்று வன்னியில் எந்தத் தாய்க்கும் யாரும் படிப்பித்துத் தரத் தேவையில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, முதன்முதலாகச் சந்தோஷமான ஒரு காரியத்துக்குப் பை கட்டி வந்தவவை, ஒரு பொய் ஒட்டுத்தாள் மறுபடி அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இதைத்தான் அந்தக் கடைக்காரருக்கு நான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது, அதை விடுவோம். தி.நகரில் ஒரு சாதாரண முதுகுப்பை வாங்கினேன், வெறும் பை ஒரு கிலோகூட இல்லை. பெட்டியை மடித்து எறிய முடியாதே. சாட்சியும் வேண்டும். நாங்கள் திரும்பி வரும் வழிக்கு அக்காவே காசு கட்டி அதையும் அனுப்பிவைத்தா.

ஊருக்கு வந்ததும் சங்கக் கடைக்குப் போய் வெறும் பெட்டியை நிறுத்தேன். 3.6 கிலோ. அதாவது 7 கிலோவில் பாதிக்கு மேல் பெட்டியே தின்றுவிடுகிறது, உங்கள் சாமானுக்கு மிஞ்சுவது 3.4 கிலோ. பிறகு அந்தக் கொக்கித் தராசில் ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டினேன். 4.2 காட்டியது. மூன்று தரம் மாட்டினேன், மூன்று தரமும் அதே 4.2. வீட்டில் 6.8 காட்டியது அங்கே 8.1 ஆன கதை இதுதான்.

இரண்டையும் கொண்டு கடைக்குப் போனேன். பெடியன் என்னைத் தெரியாத மாதிரி நின்றார். முதலாளி வந்து, “விற்ற சாமான் திருப்பி எடுக்கிறேல்லை, பில்லில போட்டிருக்கு” என்றார். அளவைப் பற்றிக் கேட்டால், “நாங்கள் செய்யிறேல்லை தங்கச்சி, கொழும்பில இருந்து வாறதை விக்கிறம்” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘பெட்டி 1, தராசு 1’ என்று மட்டும் இருந்தது. 20 இஞ்ச் என்றோ கேபின் சைஸ் என்றோ ஓர் எழுத்தும் இல்லை. நல்ல காலமாக ஒட்டுத்தாளை நான் பிய்த்து எறியவில்லை. அது பெட்டியிலேயே இருக்கிறது.

முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். சொன்னபடி இல்லாத பொருள் பற்றிய முறைப்பாட்டை, பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பலர் ‘பிறகு பார்ப்போம்’ என்று இதைத்தான் தவறவிடுகிறார்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது கடைக்காரரின் கடமை. ஆகவே அதில் அளவையும் எழுதுவியுங்கள். “55 சென்ரிமீற்றர், சில்லோடு சேர்த்து” என்று எழுதித் தரமாட்டோம் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். முறைப்பாடு முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. அந்தக் கடையை மட்டும் தவிர்த்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இதே ஒட்டுத்தாளோடு இதே பெட்டியை வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேறு கடைகளில் பார்த்தேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் தையல் நாடா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சில்லு நிலத்தில் தொடும் இடத்திலிருந்து கைபிடியின் உச்சி வரை அளந்து பாருங்கள், பின்பக்கம் துருத்தும் பட்டியையும் சேருங்கள். வெறும் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். நான்கு நாள் பயணத்துக்கு, அதுவும் எங்கள் ஒழுங்கைகளுக்கு, துணியாலான முதுகுப்பை போதும் என்பது என் எண்ணம். தராசு வாங்கினால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை மாட்டுங்கள். போத்தலோடு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் காட்டவேண்டும், குறைத்துக் காட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

அதே பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் இரண்டாவது சிப்பைத் திறக்கவே வேண்டாம். அளவு தாண்டினால் எயார்போட்டில் மாட்டுப்படாமல் முதலே இணையத்தில் அடியில் போடுவதற்குக் காசு கட்டிவிடுங்கள், அங்கே கட்டுவதை விடப் பெரும்பாலும் குறைவு. குளிசை, பவர் பாங்க், நகை, பத்திரங்களைத் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு மேலே வையுங்கள். பெட்டி கையை விட்டுப் போனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கலாம். பவர் பாங்கில் கொள்ளளவு அழியாமல் தெரியவேண்டும். 100 வாட் அவர் வரைதான் கேள்வியில்லாமல் விடுவார்கள், வழக்கமான 20,000 எம்.ஏ.எச். (mAh) என்று போட்டது 74 வாட் அவர்தான், பயமில்லை. நல்லெண்ணெய்ப் போத்தல் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்கு: 100 மில்லிலீற்றர் என்பது போத்தலின் அளவு. 200 போத்தலில் பாதி ஊற்றிக் கொண்டுபோனாலும் எடுத்துவிடுவார்கள்.

பெட்டி இப்போது எங்கள் அறையில் விதைநெல் மூட்டைகளுக்கு மேலே, ஒட்டுத்தாளோடும் வெடித்த மூலையோடும் இருக்கிறது. அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். பில்லையும் 14,200 ரூபாவுக்கான பற்றுச்சீட்டையும் அம்மா தன் பத்திரப் பைக்குள் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறா.